வாயுப் பிடிப்பு என்றீர்கள்

அண்ணே,

இன்று காலை புது டிரைவர் வண்டியைச் சுத்தம் செய்தார். டாஷ்போர்டுக்குள்ளிருந்து ஓமமும் பெருங்காயமும் மணக்கும் செரிமானப் பொடிப் பொட்டலங்கள் ஏழெட்டு விழுந்தன. "யாருதுங்க மேடம் இது?" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது, உங்கள் மேல்.

உயிரியல் பட்டம் வாங்கிய கையோடு பல்கலைக்கழகத்தின் மக்கள் தொடர்புப் பணியில் சேர்ந்தவள் நான். ஊர் ஊராகப் போய் ரத்த அழுத்தம், சர்க்கரை, மாரடைப்பு என்று பேசுவதும் முகாம் போட்டு அழுத்தம் பார்ப்பதும் என் வேலை. வண்டி ஓட்டுவது உங்கள் வேலை. அதோடு நின்றீர்களா? இலுப்பூர்ப் பக்கம் ஒரு கூட்டத்தில் நான் 'இதயத் தமனி' என்று ஆரம்பித்ததுமே குறுக்கே புகுந்தீர்கள்.

"பாப்பா பொஸ்தகத்துல உள்ளதச் சொல்லுது. நெஞ்சு வலிச்சா வாயுன்னு சோடாவக் குடிச்சுட்டு உக்காந்துறாதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. அம்புட்டுத்தான்."

கூட்டத்திலிருந்த பெண்கள் சிரித்துக் கைதட்டினார்கள். திரும்பும் வழியெல்லாம் நான் உங்களோடு பேசவில்லை. அடுத்த ஊரில் நீங்கள் சொன்னதையே நானும் சொன்னேன். நீங்கள் அதைக் குத்திக்காட்டவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

வல்லத்திராக்கோட்டை முகாமன்று வண்டிக்குள் உட்கார்ந்து நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். முகமெல்லாம் வியர்வை.

"அண்ணே, கையக் குடுங்க. பிரஷர் பாத்துருவோம்."

"காலையில தின்ன பரோட்டா. வாயுப் பிடிப்பும்மா. வந்த சனத்த மொதல்ல பாரு. நான் எங்கிட்டுப் போயிறப் போறேன்?"

வரிசை நீளமாக இருந்தது. நான் போய்விட்டேன். மாலையில் முகாமுக்கு வந்த எங்களை எல்லாம் ஒழுங்காக இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனீர்கள். மறுநாள் காலையில் செய்தி வந்தது.

உங்கள் வீட்டில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஆஸ்பத்திரிக்குப் போவோம்னேன் தாயி. விடியட்டும்னுட்டாரு. ஓமத்தண்ணி வச்சுக் குடுத்தேன்." எத்தனை ஊரில் எத்தனை பேரை நேராக ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னீர்கள்! உங்கள் நெஞ்சு மட்டும் வேறு எதனாலாவது செய்ததா? அங்கேயே கத்த வேண்டும்போல் இருந்தது. உங்களைப் பார்த்தா, என்னைப் பார்த்தா என்றுதான் தெரியவில்லை.

போன வாரம் குளத்தூர்ப் பக்கம் முகாம். மேசையைப் போட்டதும் புது டிரைவரைத்தான் முதலில் கூப்பிட்டேன். "எனக்கெதுக்குங்க மேடம்? வெளிய சனம் நிக்கிது" என்றார். உட்கார்ந்தால்தான் முகாம் தொடங்கும் என்றேன். பார்த்தால், அழுத்தம் ஏகத்துக்கும் ஏறியிருந்தது. உடனே ஆள் துணையோடு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். மேலதிகாரி போனில் சத்தம் போட்டார். டிரைவர் இப்போது தினமும் மாத்திரை போடுகிறார், எனக்குப் பயந்துதான்.

இனி எல்லா ஊரிலும் இப்படித்தான், அண்ணே. வண்டியில் வந்தவர்களைப் பார்க்கும்வரை வரிசை காத்திருக்கும். அன்றைக்கும் அது காத்திருந்திருக்கும். நான்தான் காத்திருக்கச் சொல்லவில்லை.