குளச்சலில் இல்லாத கடை

ஆவணி 12, வியாழன்

தோவாளைப் பூச்சந்தையில் எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு மாலைக் கடை. இணையதளத்தில் மட்டும் பதினெட்டு ஊருக்குப் பதினெட்டுப் பக்கம் போட்டிருந்தேன். ஊர்ப்பெயரை மாற்றி, மற்றதை அப்படியே ஒட்டியது. எந்த ஊர்க்காரர் தேடினாலும் நாங்கள்தான் முதலில் தெரிய வேண்டும் என்ற ஆசை. முதலில் தெரிந்துகொண்டும் இருந்தோம்; மூன்று வாரமாகத் தேடல் முடிவுகளில் நாலாம் பக்கத்தில் கிடக்கிறோம். ஆர்டரே இல்லை. யாரோ கண் வைத்துவிட்டதாக நினைத்தேன்.

மத்தியானம் குளச்சலிலிருந்து ஓர் அக்கா அழைத்தார். மகளுக்குக் கல்யாணமாம்.

"மக்கா, குளச்சலில கடைன்னு போட்டிருக்கிய. வெயிலில ஒரு மணிக்கூறா தேடுதேன். எங்க இருக்கு?"

அங்கே கடையே இல்லை என்று சொல்லிவிட்டு, திட்டு விழும் என்று காத்திருந்தேன்.

"இல்லாத கடைய எதுக்கு எழுதுதிய? தோவாளைன்னு எழுதினா போதுமே. பூவுக்கு எல்லாரும் அங்கதானே வருவாவ," என்றார். பிறகு அவரே கல்யாண மாலைக்கும் ஆர்டர் சொன்னார். சனிக்கிழமை நானே கொண்டுவந்து தருகிறேன் என்றேன்.

சாயங்காலம் தோவாளைப் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு பதினேழையும் அழித்தேன். ஒரே பத்தியைப் பதினெட்டுத் தடவை படித்தால் தேடுபொறிக்கும் அலுக்காதா? மிஞ்சிய பக்கத்தில் எங்கள் மாலைகளைப் பற்றி உண்மையானதை எழுதினேன். பழைய இடம் திரும்புமோ என்னவோ.

நாலாம் பக்கம் வரைக்கும் யார் வரப்போகிறார்கள் என்று தினமும் புலம்பினேன். ஒருவர் வந்திருக்கிறார். அங்கிருந்து இறங்கி வெயிலிலும் அலைந்திருக்கிறார். அவருடைய கல்யாண மாலையை நான்தான் கட்டுவேன்.