என் கணவரின் வலது கண் சார்பாக

அனுப்புநர்:
திருமதி ஞானசௌந்தரி மோகன்ராஜ்,
முதுகலை ஆசிரியை (உயிரியல்),
18, மூன்றாம் குறுக்குத் தெரு,
கேம்ப் ரோடு அருகில், சேலையூர்,
சென்னை – 600 073.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
மருத்துவ ஆராய்ச்சி நிதி மறுஆய்வுக் குழு,
சென்னை.

பொருள்: கருவிலிருந்து பெறும் ஸ்டெம் செல்லால் விழித்திரையைச் சீராக்கும் ஆராய்ச்சி – எங்கள் கிறிஸ்தவச் சபையார் அனுப்பிய புகாரின் பேரில் நிறுத்திவைக்கப்பட்ட அரசு நிதியை விடுவிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பல்லாவரத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் உயிரியல் கற்பிக்கிறேன். வருமான வரி பிடித்தம் போக மிச்சம்தான் என் கைக்குச் சம்பளமாக வருகிறது. "மக்கள் வரிப்பணம் வீணாகிறது" என்று தங்களுக்கு வந்த புகாரில் எழுதியிருக்கிறார்களே, அந்த மக்களில் நானும் ஒருத்தி. என்னைக் கேட்காமல் எனக்கும் சேர்த்துப் பேசிவிட்டார்கள். ஆகவே என் பங்குக்கு நானே எழுதுகிறேன்.

2. என் கணவர் திரு. மோகன்ராஜுக்கு விழித்திரையின் நடுப்பகுதி கெட்டு, இரு கண்களிலும் நேர்ப்பார்வை போயிற்று. என் முகத்தைப் பார்த்தால் காதும் கம்மலும் தெரியும். கண்ணும் மூக்கும் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டுதான் தெரியும். ஒருமுறை தாம்பரம் பேருந்து நிலையத்தில் பலகையைப் படிக்க முடியாமல், யாரையும் கேட்க ரோஷம் இடம் கொடுக்காமல், அனகாபுத்தூர் போக வேண்டியவர் பெரும்பாக்கத்தில் போய் இறங்கினார். பார்த்துவந்த கணக்கர் வேலையும் போயிற்று. நாங்கள் ஏறி இறங்கிய மருத்துவமனைகளில் எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள்.

3. அரசு கண் ஆராய்ச்சி மையம் ஒன்று மட்டும் அவரை மேற்படி ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டது. குழந்தைப்பேறு சிகிச்சையில் மிஞ்சி, இனி வேண்டாமென்று தம்பதியர் எழுதிக் கொடுத்த கருக்களிலிருந்து பெற்ற செல்கள் இவை என்று முதலிலேயே மறைக்காமல் சொன்னார்கள். நான் தினமும் வேதம் வாசிக்கிறவள். கருவும் ஓர் உயிரே என்று போதிக்கும் சபையில் வளர்ந்த எனக்கு உறுத்தாமல் இல்லை. வீட்டில் பேசினோம், சண்டை போட்டோம், ஜெபம் செய்தோம், அதன் பிறகே சம்மதித்தோம். குப்பைக்குப் போகவிருந்தது ஒரு மனிதனின் கண்ணுக்குப் போவதைப் பாவமென்று என்னால் எண்ண முடியவில்லை.

இடது கண்ணில் செல்களை வைத்தார்கள். சில மாதங்கள் கழித்து ஒரு காலையில், இட்லித் தட்டை நீட்டிய என்னை நிமிர்ந்து பார்த்து, "ஏய், உனக்கு இவ்ளோ நரைச்சிடுச்சா!" என்றார். ஐயா, கல்யாணமான நாள்முதல் அவர் என்னைப் பற்றிச் சொன்ன எந்தப் புகழ்ச்சியும் எனக்கு அவ்வளவு இனித்ததில்லை. தட்டைப் போட்டுவிட்டு அழுதேன். அடுத்த கட்டத்தில் வலது கண்ணுக்குச் செய்வதாக இருந்தது. அந்த நேரத்தில்தான் நிதி நின்றது. விழித்திரையில் மிச்சமிருப்பதும் காய்ந்துபோனால் பிறகு செல் வைத்தும் பயனில்லை என்கிறார் மருத்துவர்.

4. தங்களுக்கு வந்த புகாரில் "ஜெபத்தினாலேயே பார்வை பெற்ற சகோதரர் எங்கள் சபையில் உண்டு, ஆராய்ச்சி எதற்கு?" என்று ஒரு வரி இருக்கிறது. அந்தச் சகோதரர் என் கணவரேதான்! இது எப்படி நேர்ந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். நன்மை பெற்றவர் ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொல்வது எங்கள் வழக்கம். சாட்சி நீண்டால் கீபோர்டு வாசிக்கும் ஷெர்வின் பாட்டை ஆரம்பித்துவிடுவதும் எங்கள் வழக்கம். என் கணவர் "கர்த்தர் என் கண்ணைத் திறந்தார்" என்று தொடங்கி மூச்சு வாங்கினார். பாட்டு வந்துவிட்டது. ஆராய்ச்சி, மருத்துவர், செல் எல்லாம் அவர் வாயிலேயே நின்றுபோயின.

5. நிதி நிறுத்தப்பட்ட செய்தி வந்ததும், இன்னும் கையெழுத்துச் சேர்க்கச் சபை மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். கூட்டியவர் சபைச் செயலர் திரு. சாலமோன். வெள்ளத்தின்போது இடுப்பளவுத் தண்ணீரில் வீடு வீடாகப் பால் பாக்கெட் கொடுத்த மனிதர். அவர் மனச்சாட்சியை நான் கேலி செய்ய மாட்டேன். அவர்தான் மைக்கில், "இதோ நம்ம மோகன்ராஜ் பிரதரே சாட்சி! வாங்க பிரதர், நீங்களே சொல்லுங்க" என்று அழைத்தார்.

என் கணவர் போனார். "கர்த்தர்தான் திறந்தார், அதுல சந்தேகமே இல்ல. எது வழியா திறந்தார்னு அன்னிக்கே சொல்ல வந்தேன், பாட்டு போட்டுட்டீங்க. நீங்க நிறுத்தச் சொல்ற அதே ஆராய்ச்சிதான்" என்றார். பிறகு பின்வரிசையிலிருந்து ரத்தினபாய் அக்கா எழுந்து, "அப்போ இன்னாத்துக்கு நிறுத்தணும்கிறீங்க? அவருக்கு இன்னொரு கண்ணு பாக்கி கீதுல்ல?" என்று கேட்டார். அவ்வளவுதான், கைதட்டல் கூரையைத் தூக்கிவிட்டது. நான் ஆசிரியை என்பதையும் மறந்து விசிலடித்தேன். புகாரில் கையெழுத்திட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அங்கேயே எழுதிக் கொடுத்து வாபஸ் வாங்கினர், அக்கடிதங்களை இணைத்துள்ளேன். திரு. சாலமோன் வாங்கவில்லை. "என் நிலை மாறாது, ஆனா உங்க பார்வைக்கு சந்தோஷம் பிரதர்" என்று என் கணவரின் கையைக் குலுக்கினார். அது அவர் பெருந்தன்மை.

6. தனக்கு ஒவ்வாததற்குத் தன் வரிப்பணம் போகலாமா என்பது அவர் கேள்வி. எதிர்வீட்டு யக்ஞநாராயணன் சார் முட்டைகூடத் தொடமாட்டார். அவர் கட்டும் வரியும் சேர்ந்துதான் மீன் அங்காடி கட்டப்படுகிறது. அவர் மனுப் போட்டதில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போகிறார். கரு மீன் அல்லவே என்பார் சாலமோன். மெத்தச் சரி. அதனாலேயே இதில் அரசுப் பணம் வேண்டும் என்கிறேன். அரசுப் பணம் என்றால் தம்பதியரின் சம்மதம் உண்மையா, விற்பனை நடக்கிறதா என்று நானும் கேட்கலாம், சாலமோனும் கேட்கலாம். தனியார் கைக்குப் போனால் வாசல் காவலாளியே எங்களை உள்ளே விடமாட்டார். வசதியுள்ளவர்களுக்கு மட்டும் கண் தெரியும்.

7. இச்சிகிச்சை பெற்ற எல்லாருக்கும் பலன் கிட்டவில்லை என்பதையும் நான் அறிவேன். என் கணவருக்கும் முழுப் பார்வை வந்துவிடவில்லை. ஆராய்ச்சி என்பதே அதற்குத்தானே!

8. ஆகவே, சம்மதத்தையும் கணக்கையும் எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் சோதித்து, நிறுத்திய நிதியைக் காலம் கடத்தாமல் விடுவிக்குமாறு பணிவுடனும், மகிழ்ச்சியுடனும், சற்றுப் பிடிவாதத்துடனும் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் உத்தரவு எதுவானாலும் அதைத் திரு. மோகன்ராஜ் பெயருக்கே அனுப்பிவையுங்கள். பெரிய எழுத்து தேவையில்லை, துணைக்கு நானும் தேவையில்லை. அவரே பிரித்துப் படித்துக்கொள்வார். ஒரு கண்ணால் படிக்கும் கடைசி உத்தரவாக அது இருக்கட்டும்.

இடம்: சேலையூர்
நாள்: 17.11.2025

வரி செலுத்தும் குடிமகள்,
(ஒப்பம்)
ஞானசௌந்தரி மோகன்ராஜ்