சூடு தணிந்த முன்னங்கால்

நியூமார்க்கெட்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ஷிவோனுக்கு,

உன் இருமல் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நானும் நம் மகள் நெஸ்ஸாவும் நலம்.

இங்கே ஒரு சிறு கருத்து வேறுபாடு. சனிக்கிழமைப் பந்தயத்தில் நெஸ்ஸா ஓட்டவிருக்கும் பெண்குதிரைக்கு முன்னங்காலில் தசைநார் கிழிந்திருந்தது. அதன் எலும்பு மஜ்ஜையிலிருந்தே எடுத்து வளர்த்த ஸ்டெம் செல்களை, கிழிந்த இடம் மறுபடி வளர, இரண்டு மாதங்களுக்கு முன் நான்தான் செலுத்தினேன். வீக்கமும் சூடும் முதலில் தணியும். நார் சேர இன்னும் பல மாதங்கள் ஆகும்; அதற்குள் முழு வேகத்தில் ஓடினால் மறுபடி அறுந்துவிடலாம். ஸ்கேனும் அதையே காட்டுகிறது.

பயிற்சியாளர் ஹார்ட்னல், இங்குள்ள வழக்கப்படி, காலைத் தடவிப் பார்த்தே முடிவு செய்துவிட்டார்.

“ஐஸ் மாதிரி இருக்கு டாக்டர். நொண்டவும் இல்ல. நான் பந்தயத்துல விடப்போறது குதிரைய, உங்க ஸ்கேன் படத்த இல்ல.”

என் மறுப்பைக் கையொப்பமிட்டு எழுத்தில் கொடுத்தேன். படிக்காமலே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தேநீர்க் கோப்பையை நீட்டினார். நான் தொடவில்லை.

நெஸ்ஸாவிடமும் ஸ்கேனைக் காட்டினேன். சிரித்தாள்.

“நீங்க ஊசி போட்ட குதிரைதானேப்பா. வேற யார நம்பி நான் ஏறுவேன்?”

நீ கவலைப்படாதே. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. நீ சுட்ட ரொட்டியும் கொஞ்சம் அனுப்பினால் நல்லது. சனிக்கிழமை மட்டும் தொலைக்காட்சியைப் போடாதே. மூன்று மணிப் பந்தயம் முடிந்ததும் நானே அழைக்கிறேன். தொலைபேசி அருகிலேயே இரு.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

உன்
கார்மக்