நாலாவது மாமியார் கொடுத்த பத்து நிமிடம்

காரகோல்,
நவம்பர் 20

அன்புள்ள அக்மாரலுக்கு,

இங்கே நலம். செய்தி வாசித்துக்கொண்டிருந்த நீ இப்போது வட்டாரத் தொலைக்காட்சி நிலையங்களுக்கெல்லாம் தலைவி ஆகிவிட்டாயாம். நீலக் கோட்டு போட்ட உன் படத்தைப் பார்த்தேன். உனக்கு நன்றாகத்தான் இருக்கிறது. எழுதும்போதே வயிறு எரிகிறது, ஆனாலும் உண்மை.

நேற்று உன் உத்தரவு வந்தது. ஜனவரி முதல் தேதியிலிருந்து உள்ளூர் நிகழ்ச்சி கிடையாது, நாள் முழுக்கத் தலைநகர் அலைவரிசைதானாம். மெலிஸ் அண்ணன் உன் கையெழுத்தைத் தடவிப் பார்த்து, "நம்ம புள்ளதானே போட்டிருக்கு, நல்லதுக்காத்தான் இருக்கும்" என்கிறார். ஒரு நிலையத்தின் தலைவர் பேசுகிற பேச்சா இது? உன்மேல் இந்த ஊருக்கே கண்மூடித்தனமான பாசம்.

நம் நிலையம் பார்க்காத மாமியாரா? முதலில் மாஸ்கோ அலைவரிசை, தன் நிகழ்ச்சிகளுக்கு நடுவே நமக்கென்று அரை மணி நேரம் விட்டது. அடுத்து மாஸ்கோவிலேயே வேறொரு அலைவரிசை, இருபது நிமிடம். பிறகு அல்மாத்தி, கால் மணி. நாலாவது உங்கள் பிஷ்கெக், பத்தே நிமிடம். ஒவ்வொரு முறையும் அண்ணன் வாசல் கதவில் பழைய சின்னத்தின் மேலேயே புதுச் சின்னம் வரைந்தார். வெயில் பட்டால் நாலும் தெரிகிறது. மாமியார் மாறினாலும் மருமகள் பாடு மாறவில்லை. அந்தப் பத்து நிமிடத்தில்தான் ஊராரின் பிறந்தநாள் வாழ்த்தையும் சாவுச் செய்தியையும் நான் வாசிக்கிறேன்.

பிஷ்கெக்காரர்கள் வந்த நாள் நினைவிருக்கிறதா? நம் இருவரில் ஒருத்தியைத் தலைநகருக்கு எடுப்பதாகச் சொன்னார்கள். வயிறு நிறைய நம் ஊர் ஆஷ்லான்ஃபூ நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். நேரடி ஒளிபரப்பில் முதலில் உன் முறை. உன் வாழ்த்துத் தாள்களில் இரண்டாவதாக இருந்தது தோக்தொசுன் ஆசிரியர் இறந்த செய்தி. அதை அங்கே வைத்தவள் நான்தான். பின்னால் பாட்டு ஓட, பல்லைக் காட்டிக்கொண்டே நீ சாவை வாசிப்பாய், அவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று காத்திருந்தேன். நீயோ கையைக் காட்டிப் பாட்டை நிறுத்தினாய். "வாழ்த்து அப்புறம் சொல்லிக்கலாம். மொதல்ல நம்ம வாத்தியாருக்காக எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க" என்று நீயும் எழுந்து நின்றாய். வீட்டுக்கு வீடு எழுந்து நின்றார்களாம். நானும் நின்றேன், அக்மாரல். வந்த பெரியவர், "இன்னொரு பொண்ணப் பாக்க வேண்டாம், இவளே போதும்" என்றார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவள் நான். பதினோரு வருடமாக இதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

உனக்குத் தெரியாத இன்னொன்றும் இருக்கிறது. ஒவ்வொரு ஏப்ரலிலும் உன் பிறந்தநாளுக்கு உன் அம்மா ஒரு வாழ்த்துத் தாளும் ஒரு பை நிறைய எண்ணெயில் பொரித்த பூர்சோக்கும் எடுத்துக்கொண்டு வருகிறார். நம் ஒளிபரப்பு மலையைத் தாண்டாது, பிஷ்கெக்கில் உனக்குத் தெரியாது என்று முதல் வருடமே சொன்னேன். "அவளுக்குத் தெரியாட்டி என்னடி, ஊருக்குக் கேக்கணும்ல? மூஞ்சியத் தூக்கி வச்சுக்காம சிரிச்சுப் படி" என்றார். பதினோரு வருடம் சிரித்துத்தான் படித்தேன். எனக்கென்று ஒரு தாள் எவரும் கொண்டுவந்ததில்லை. நீலக் கோட்டைப் பார்த்தெல்லாம் எனக்குப் பெரிய பொறாமை இல்லை. அந்தத் தாளைப் பார்த்துத்தான்.

அம்மாவிடம் உத்தரவைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. வருகிற ஏப்ரலுக்கு எந்தப் பாட்டுப் போடலாம் என்று இப்போதே கேட்கிறார். என்ன சொல்லட்டும்? நான் செய்ததற்கு என்னை எடுத்துவிட்டு வேறு யாரையாவது வாசிக்க வை, தாங்கிக்கொள்கிறேன். அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் விட்டுவை.

நூறு வயது நன்றாக இரு. இதை எந்தத் தாளையும் பார்க்காமல் சொல்கிறேன்.

உன்
புருல்