பிரிக்கப்போகும் வீடு

ஸ்மாரா அகதி முகாம்,
வியாழக்கிழமை.

அன்பு மகன் லாமினுக்கு,

அம்மா நுவேனா எழுதுவது. அல்லாஹ் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். மழைச் செய்தி நீ இருக்கும் பில்பாவோ வரைக்கும் வந்திருக்கும் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் தங்கை சுவெல்மாவுக்குப் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். சுவெல்மாவின் போன் நனைந்து செத்துவிட்டது. அப்பாவின் போனில் பேசினால் அவர் ஸ்பீக்கரைப் போட்டு, பக்கத்துக் கூடாரத்துக்காரரையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்வார். உங்கள் ஊருக்குத் திரும்பும் மருத்துவரம்மாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். முழுவதும் படித்துவிட்டுத்தான் அப்பாவிடம் பேச வேண்டும்.

சுவெல்மா தெருப் பெண்களோடு சேர்ந்து, குப்பையில் கிடந்த பிளாஸ்டிக் பாட்டில்களைப் பொறுக்கி, மணல் அடைத்து அடுக்கி, வட்டமாக ஒரு வீடு கட்டியது உனக்குத் தெரியும். மேலே வைக்கோல் கலந்த களிமண் பூச்சு. மதிய வெயிலிலும் உள்ளே மூச்சு விடலாம். மழைக்குக் கரையாது, காற்றுக்கு அசையாது. அதுதான் அதன் பெருமை. உன் அப்பாவுக்கு ஆகாததும் அதுதான். "நாம என்ன இங்கேயே கிடக்கவா வந்தோம்? மண் வீடு போதும். ஊருக்குக் கிளம்பினதும் மழை வந்து கரைச்சிட்டுப் போகட்டும்" என்று அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அகதியாக வந்த நாளிலிருந்து இதே பேச்சு. "நாம கிளம்பற வரைக்கும் மழை காத்திருக்காதுங்க" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

சனிக்கிழமை பிற்பகல் பிடித்த மழையில் தெருவே ஓடையாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துச் சுவெல்மாவுக்கு வலி எடுத்தது. அவள் புருஷன் காவல் வேலையில் எல்லைப் பக்கம் இருக்கிறான். வண்டி எதுவும் ஓடவில்லை. மருத்துவச்சி செனியா முழங்கால் தண்ணீரில் வந்து சேர்ந்து, "பாட்டில் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, சீக்கிரம்" என்றாள். அப்பா மண் அறையில் டீக் கெட்டிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுவர் ஓரத்திலிருந்து மண் கட்டி கட்டியாக விழுந்துகொண்டிருந்தது. "நீங்க போங்க. எனக்கு இது போதும்" என்றார்.

உன் தங்கை யார் மகள்? புது வீட்டு வாசல் வரை போனவள் திரும்பி மழையிலேயே நின்றுவிட்டாள். "அப்பா வராம நான் உள்ள போகமாட்டேன். போன மழையில அந்தச் சுவர் என் படுக்கை மேல விழுந்ததை நான் மறக்கல" என்று கத்தினாள். வலியில் குனிகிறாள், நிமிர்கிறாள், நகர மறுக்கிறாள். செனியா என்னைத் திட்டுகிறாள். இங்கே ஒரு முரட்டு ஒட்டகம், அங்கே அதன் குட்டி. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சின்ன வயதில் குண்டுகளுக்கு நடுவே ஓடிவந்தபோதுகூட நான் அப்படிப் பயந்ததில்லை, லாமின்.

அறைக்குள் போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன். "அந்த வீடு சிமெண்ட் இல்லைங்க. பாட்டில் மூடியைத் திறந்தா மணல் கொட்டிடும். கிளம்பற அன்னிக்கு நாமே பிரிச்சுப் போட்டுட்டுப் போயிடலாம்" என்றேன். "யாரு பிரிப்பா? நீயா, நானா? நம்ம முட்டிவலிக்கு?" என்று கேட்டார். வெளியே சுவெல்மா அலறினாள். என் வாயில் உன் பெயர் வந்துவிட்டது. "லாமின் பிரிப்பான். நானே வந்து வீட்டைப் பிரிச்சுட்டு அப்பாவை ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்னு எங்கிட்ட சொல்லியிருக்கான்" என்றேன்.

நீ அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லை.

"லாமினா சொன்னான்?" என்று என் முகத்தையே பார்த்தார். ஆமாம் என்றேன். கெட்டிலைத் தூக்கிக்கொண்டு எழுந்து மழையில் நடந்தார். குழந்தை அந்த வட்டச் சுவருக்குள் பிறந்தது. காதில் பாங்கு சொன்னவர் அவர்தான். பொழுது விடிந்து பார்த்தால் மண் அறை இருந்த இடத்தில் வெறும் சேறு. அவர் அதைப் பார்த்துவிட்டு வந்து டீக்குத் தண்ணீர் வைத்தார்.

இப்போது முகாம் முழுக்க, என் மகன் வந்து பிரிப்பான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். குழந்தைக்குப் பெயர் வைத்து முடிந்ததும், அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, போனில் உன் வாயாலேயே அதைக் கேட்கப்போகிறாராம். தெருவே கேட்கும்.

இன்னொன்று. நீ அங்கே சொந்தமாக வீடு வாங்கியிருக்கிறாய் என்று அங்கிருந்து விடுமுறைக்கு வந்த மஹ்ஜூப் சொன்னான். நல்லது. எனக்குக் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன், ஆனால் இருக்கிறது. அப்பாவுக்குத் தெரியாது. மஹ்ஜூப்பின் வாயையும் அடைத்திருக்கிறேன்.

அவர் கேட்கும்போது யோசிக்காதே. நீ ஒரு நொடி தயங்கினாலும் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்தால் பாயைத் தூக்கிக்கொண்டு வெட்டவெளிக்குப் போய்விடுவார். இன்னும் மேகம் கலையவில்லை. ஆமாம் என்று சொல், மகனே. பொய்யின் பாவத்தை நான் சுமந்துகொள்கிறேன். அதை மெய்யாக்குவது உன் கையில் இருக்கிறது. அல்லாஹ் உன் புது வீட்டில் பரக்கத்தைத் தரட்டும். அதன் கதவு நீ உள்ளே போவதற்கு மட்டுமல்ல, வெளியே வருவதற்கும் திறக்கட்டும்.

உன் அம்மா,
நுவேனா