கோப்பை வந்த பிறகு

எண்ணூர்,
புதன்கிழமை

அன்பு ரெஜினா,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா? அஜின் அழாமல் பள்ளிக்கூடம் போகிறானா? ஃபோனில் பேசினால் என் குரலை வைத்தே ஏதாவது கண்டுபிடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை.

ஞாயிறுதோறும் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்கிக் கொடுப்பேனே, அந்த ஃபுட்பால் கிளப்பில் ஒரு கூத்து. வெளியூர் ஆட்டக்காரர்களை இறக்கிக் கோப்பை வாங்கித் தருகிறேன் என்று ஒரு முதலாளி வந்தார். டீக்கடையில் கிளப் பெரியவர்களுக்குள் ஒரே சண்டை.

"கப்பு இல்லாத கிளப்பு இன்னாத்துக்கு நைனா?" என்றார் வேலப்பன்.

"நம்ம பசங்க ஆடிக்கினு கீறாங்க. அது நின்னுட்டா கப்ப வெச்சிக்கினு இன்னா பண்ணுவ?" என்றார் பகலவன்.

என்னையும் கேட்டார்கள். "எனக்கு ஞாயித்துக்கிழம மேட்ச் இருந்தா போதும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

வேலப்பன் பேச்சுதான் எடுபட்டது. சொன்னபடி கோப்பையும் வந்தது. டீக்கடையில் பன் ஜாடிக்குப் பக்கத்தில் பளபளவென்று நிற்கிறது. முதலாளி வெளியூர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு வேறு கிளப்புக்குப் போய்விட்டார். நம்ம பசங்க ஆட இடமில்லாமல் அதற்கு முன்பே ஆளுக்கொரு பக்கம் பிரிந்துவிட்டார்கள். மைதானத்தில் இப்போது லாரி நிறுத்துகிறார்கள்.

தேவகிருபை அக்கா இங்கே வர ரயிலேறும்போது கொஞ்சம் மரச்சீனிக் கிழங்கு வற்றலும் என் பழைய போர்வையும் கொடுத்துவிடு. துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்பு.

வேலைக்குக் கூட்டிப்போகும் யார்டு பஸ் ஹாரன் அடிக்கிறது. ஞாயிறு சாயங்காலம் மேட்ச் நேரம், கூப்பிடாதே என்று சொல்லியிருந்தேன் அல்லவா? இனி கூப்பிடு. முதல் ரிங்கிலேயே எடுப்பேன்.

உன்
ஜெனிஷ்