இறால் கொட்டகையில் நீ சொன்னது

என் வாய்க்கு ஈடு கொடுத்த ஒரே ஆளான ராணி அண்ணிக்கு,

அஞ்சாங்கிளாஸ் கையெழுத்து, பொறுத்துக்கொள். காசிமேட்டுக் கொட்டகைக்குப் புது ஃபேன் வந்திருக்கிறது. சத்தம் மட்டும் நன்றாக வருகிறது.

போன வருடம் நாம் இறால் உரிக்கும்போது நடுவில் போனை வைத்துப் பேச்சைப் பதிவு செய்தாளே, உளவியல் படிக்கிற நஸ்ரின், அவள் வந்திருந்தாள். நாம் பேசியதை அப்படியே காகிதத்தில் இறக்கியிருக்கிறாள். இருமல், சிரிப்பு, எத்தனை விநாடி சும்மா இருந்தோம் என்பது வரை. சரிதானா என்று கேட்கப் படித்துக் காட்டினாள்.

முதல் பக்கம் முழுக்க என் நக்கல். பெருமையாகத்தான் கேட்டேன். அடுத்த பக்கத்தில் நீ வந்தாய்.

“மார்ல இன்னாவோ கல்லாட்டம் கீதுடி ஸ்டெல்லா.”

“எங்கண்ணன் மனசா இருக்கும். உங்கிட்ட மாட்டிகினு கீது.”

கீழே எழுதியிருந்தாள்: ராணியைத் தவிர எல்லாரும் சிரிப்பு. மூன்று விநாடி மௌனம்.

நீ விடவில்லை. “உங்கண்ணங்கிட்ட நீ சொல்லேன். எனுக்கு வெக்கமா கீது.”

“மூணு பெத்தவளுக்கு வெக்கமா?”

மறுபடி சிரிப்பு. பிறகு நீ, “அந்தக் கூடைய இப்டி தள்ளு.”

அந்த மௌனத்தில் என்னை என்னவென்று நினைத்தாய் அண்ணி?

“நான் மனசுல எதுவும் வெச்சிகினு சொல்லலம்மா,” என்றேன் நஸ்ரினிடம்.

“மனசுல இருந்தத நாங்க பாக்கறதில்லக்கா. அந்தப் பேச்சு அந்த எடத்துல என்ன செஞ்சுதுன்னுதான் பாப்போம்.”

அவள் திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

அந்தக் கல் உன்னைக் கொண்டுபோன அன்று உன் சவப்பெட்டிமேல் விழுந்து, “யாருக்கும் ஒரு வார்த்த சொல்லாம பூட்டியே” என்று அழுதவள் நான். தெருவே நம்பியது. அண்ணனும் நம்பினான். தன்னிடம் மறைத்துவிட்டாய் என்று இன்னும் உன்மேல் கோபம் அவனுக்கு. உன் படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றுவதுகூடப் பிள்ளைகள்தான்.

அந்தப் பக்கத்தை ஒரு ஜெராக்ஸ் கேட்டு வாங்கினேன். பத்து நாளாக அரிசி டப்பாவில் கிடக்கிறது. அண்ணன் வீட்டுக்குப் போகிறேன், எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கிறேன், திரும்பி வந்துவிடுகிறேன்.

இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் அவன் எதிரில் உட்கார்ந்து அதைப் படிப்பேன். நீ சொன்னதையும், நான் சொன்னதையும், யார் சிரித்தார்கள் என்பதையும். உன்மேல் இருக்கும் கோபம் என்மேல் திரும்பட்டும். அவன் என்ன கேட்டாலும் விளையாட்டாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். இது சத்தியம்.

நீ சொல்லியும் கேட்காத நாத்தனார்,
ஸ்டெல்லா